கிரிப்டோ வாங்குகிறவர்களுக்கு: சாவி யாரிடம் இருக்கிறது?



கொஞ்ச நாளாக எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி ஒரே கேள்விதான். "சார், கிரிப்டோ எந்த ஆப்ல வாங்கலாம்?" அண்ணன் மகனும் கேட்கிறான், 1994-ல் எஸ்எஸ்எல்சி எழுதியவனும் கேட்கிறான், போன வருடம் வேலைக்குச் சேர்ந்த பெண்ணும் கேட்கிறாள். தனித்தனியாகப் பதில் தட்டச்சு செய்ய விரல் வலிக்கிறது. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கு என்றோ வாங்காதே என்றோ இதில் சொல்லப் போவதில்லை. விலை ஏறுமா இறங்குமா என்பது என் பாடத்திட்டத்தில் இல்லை. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம்: எங்கே வாங்குவது, எங்கே வைப்பது. நீங்கள் எல்லோரும் முதல் கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். பணம் போனவர்களில் பெரும்பாலோர் கோட்டை விட்டது இரண்டாவது கேள்வியில்.

நகைக் கடையில் செயின் வாங்குகிறோம். பணம் கட்டியதும் செயினைக் கடையிலேயே விட்டுவிட்டு, "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வருவோமா? மாட்டோம். ஆனால் நகைச் சீட்டு கட்டுகிறோமே, அது வேறு. அங்கே நம்மிடம் இருப்பது ஒரு அட்டை. அட்டையில் தொகை எழுதியிருக்கும், நகை இருக்காது. கடை திறந்திருக்கும்வரை அந்த அட்டைக்கு மதிப்பு. ஒருநாள் ஷட்டர் இறங்கினால் அட்டையைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். நம் ஊர்களில் அந்த வரிசையைப் பார்க்காதவர்கள் குறைவு.

கிரிப்டோ விற்கும் செயலிகளை எக்ஸ்சேஞ்ச் என்கிறார்கள். அங்கே வாங்கிவிட்டு அங்கேயே வைத்திருந்தால், உங்கள் திரையில் தெரியும் எண் அந்தச் சீட்டு அட்டையில் எழுதிய எண்தான். பிட்காயின் என்பது கையில் பிடிக்கும் பொருள் இல்லை. உலகம் முழுக்கப் பல ஆயிரம் கணினிகளில் ஒரே மாதிரி எழுதி வைத்திருக்கும் ஒரு பேரேடு, அதில் ஒரு வரி. அந்த வரியை மாற்றி எழுத ஒரு ரகசியச் சாவி வேண்டும். சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நகர்த்த முடியும். எக்ஸ்சேஞ்சில் விட்டு வைத்தால் சாவி அவர்களிடம் இருக்கிறது.

அப்படி விட்டு வைத்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

டோக்கியோவில் மவுண்ட் காக்ஸ் என்று ஒரு எக்ஸ்சேஞ்ச் இருந்தது. ஒரு காலத்தில் உலகத்தின் பிட்காயின் வியாபாரத்தில் பெரும்பகுதி அங்கேதான். 2014 பிப்ரவரியில் திவால். சுமார் 8,50,000 பிட்காயின் காணவில்லை என்றார்கள். பிறகு அதில் 2,00,000 கிடைத்தது. வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரத் தொடங்கியது 2024 ஜூலையில். பத்து வருடம்!

கனடாவில் குவாட்ரிகா. அதன் நிறுவனர் ஜெரால்டு காட்டன் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் இறந்துபோனார். வயது 30. கடவுச்சொற்கள் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நிறுவனம் கைவிரித்தது. பிறகு விசாரித்துப் பார்த்தால், பூட்டிய பெட்டிக்குள் பெரிதாக எதுவுமே இல்லை. வாடிக்கையாளர் பணத்தை அவர் முன்னரே கரைத்துவிட்டிருந்தார் என்று ஒன்டாரியோவின் பங்குச் சந்தை ஆணையம் 2020-ல் அறிக்கை கொடுத்தது.

எஃப்டிஎக்ஸ் கதை உங்களுக்கே தெரியும். 2022 நவம்பரில் விழுந்தது. வாடிக்கையாளர் பணம் நிறுவனர் சாம் பேங்க்மேன் ஃபிரைடின் இன்னொரு கம்பெனிக்குப் போயிருந்தது. 2024 மார்ச்சில் அவருக்கு 25 ஆண்டு சிறை.

"அதெல்லாம் வெளிநாடு சார்" என்பவர்களுக்கு வசீர்எக்ஸ். 2024 ஜூலை 18-ல் சுமார் 23 கோடி டாலர் திருடு போனது. ஒருவர் கையெழுத்து போதாது, பலர் ஒப்புதல் வேண்டும் என்ற ஏற்பாட்டோடு இருந்த பெட்டியிலிருந்துதான் போனது. உடனே எல்லோர் கணக்கும் முடங்கியது. மீண்டும் வியாபாரம் தொடங்க 2025 அக்டோபர் ஆகிவிட்டது. நடுவில் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் வழக்கு. இங்கே காட்பாடியில் உட்கார்ந்திருப்பவன் பணத்துக்குச் சிங்கப்பூரில் தீர்ப்பு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. திருட்டில் போனது ஒரு வகை நாணயங்கள். சென்னையைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர் வைத்திருந்தது வேறு வகை, எக்ஸ்ஆர்பி. அவருடையதும் முடக்கத்தில் மாட்டியது. அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சொத்துதான், அதை ஒருவர் இன்னொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று சொல்லி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். நல்ல தீர்ப்பு. ஆனால் தன் சொத்து தன்னுடையது என்று சொல்ல ஒருவர் உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலும் சுமார் 4.4 கோடி டாலர் திருடு போனது. வாடிக்கையாளர் பணத்தைத் தொடவில்லை, இழப்பை எங்கள் கையிருப்பிலிருந்தே ஏற்கிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. ஆக, திருட்டு நடந்த பிறகு உங்கள் பணம் வருமா வராதா என்பது முதலாளியின் கஜானாவையும் மனசையும் பொறுத்தது. வங்கி திவாலானால் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. கிரிப்டோவுக்கு அப்படி எதுவும் கிடையாது.

இதைக் கேட்டதும் விவரம் தெரிந்த பிள்ளைகள் சொல்வது: "அதான் சார், சாவியை நம்மளே வெச்சுக்கணும். ஹார்டுவேர் வாலட் வாங்கிடணும். முடிஞ்சது கதை."

முடியவில்லை தம்பி. பாதிதான் முடிந்தது.

வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹோவெல்ஸ் என்பவர். அவர் சாவி அவரிடமே இருந்தது, ஒரு ஹார்டு டிஸ்க்கில். 2013-ல் அது குப்பையோடு குப்பையாக நகராட்சிக் கிடங்குக்குப் போய்விட்டது. உள்ளே சுமார் 8,000 பிட்காயின். தோண்ட விடுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டார். நகராட்சி மறுத்தது. 2025 ஜனவரியில் நீதிமன்றமும் அவர் வழக்கைத் தள்ளிவிட்டது. அமெரிக்காவில் ஸ்டீபன் தாமஸ் என்ற கணினி வல்லுநர். 7,002 பிட்காயினின் சாவி ஒரு பூட்டிய பென்டிரைவில். கடவுச்சொல் எழுதிய தாளைத் தொலைத்துவிட்டார். பத்து முறைதான் முயலலாம், அதில் எட்டு முறை தப்பாகிவிட்டது. யாரும் இவர்களிடம் திருடவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை.

இதே கதை நம் பக்கத்திலும் நடந்தது. சம்பந்தப்பட்ட பெண்ணின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன். வெளியூரில் நல்ல வேலை. நாற்பத்தொரு வயதில் மாரடைப்பு. காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அவன் மனைவி ஒரு சின்னப் பையோடு வந்தாள். பையில் பென்டிரைவ் மாதிரி ஒரு பொருள், அவனுடைய லேப்டாப். லேப்டாப்பைத் திறந்தால் தொகை தெரிகிறது. இரண்டு பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்குத் தாராளமாகப் போதும். பார்க்க முடிகிறது, எடுக்க முடியவில்லை. அந்தக் கருவிக்குப் பின் நம்பர் வேண்டும். மூன்று முறை தப்பாகப் போட்டால் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் வகை. அழிந்தாலும் பரவாயில்லை, 24 சொற்கள் எழுதிய தாள் இருந்தால் மீட்டுவிடலாம். தாளைத் தேடினோம். பீரோ, எல்ஐசி பைல், பிள்ளைகளின் நோட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வரை. கிடைக்கவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பர்காரரிடம் ஒரு கட்டு போட்டதாக அவள் சொன்னாள். அதில் இருந்ததா இல்லையா, யாருக்குத் தெரியும்?

வங்கியில் இருந்த பணம் நாமினி வழியாக அவளுக்கு வந்தது. பிஎஃப் வந்தது. எல்ஐசி வந்தது. அவன் தனக்குத் தெரிந்த வரையில் மிகப் பத்திரமாக வைத்தது மட்டும் வரவில்லை. அந்தத் தொகை இன்றும் அந்தப் பேரேட்டில் அப்படியே இருக்கிறது.

நம் பாட்டிமார் அரிசிப் பானைக்குள் நகையை ஒளித்து வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் கண்ணை மூடியது உண்டு. அந்தப் பானையை என்றாவது ஒருநாள் யாராவது கவிழ்ப்பார்கள், நகை விழும். இங்கே பானை கவிழாது.

ஆகவே என் கருத்து இதுதான். எங்கே வைப்பது என்பதற்கு அளவுகோல், திருடன் கைக்கு எட்டாத இடம் என்பது மட்டும் இல்லை. நீங்கள் இல்லாத அன்று வீட்டில் இன்னொருவர் கைக்கு எட்டும் இடமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பத்திரம். ஒன்று மட்டும் இருந்தால் பாதி மதிப்பெண்கூட இல்லை, பூஜ்யம்.

தொகைக் கணக்கில் சொல்கிறேன். உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்கு உட்பட்ட தொகை என்றால் நல்ல இந்திய எக்ஸ்சேஞ்சிலேயே இருக்கட்டும். அதற்கென்று கருவி வாங்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு மேல் போனால் ஹார்டுவேர் வாலட்டுக்கு மாற்றுங்கள், ஆனால் மனைவியோ கணவனோ வளர்ந்த பிள்ளையோ ஒருவர் அதை இயக்கக் கற்றுக்கொண்ட பிறகு. கற்றுக்கொடுக்க மனமில்லை, வீட்டுக்குத் தெரியாமல்தான் வாங்குகிறேன் என்றால், ஒரு மாதச் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதில் சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இனி நடைமுறை. முதலில் வாங்கும் இடம்.

1. நிதி அமைச்சகத்தின் கீழ் நிதிப் புலனாய்வுப் பிரிவு, சுருக்கமாக எஃப்ஐயு, இருக்கிறது. 2023 மார்ச் முதல் கிரிப்டோ வியாபாரம் செய்பவர்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் அதில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாத இடம் பக்கம் போகாதீர்கள். ஆனால் பதிவு என்பது கறுப்புப் பணத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு. உங்கள் பணத்துக்கு உத்தரவாதம் என்று நினைத்துவிடாதீர்கள்.

2. வாங்கிய நாணயத்தை வெளியே, உங்கள் சொந்த வாலட்டுக்கு எடுக்க விடுகிறார்களா என்று பாருங்கள். சில செயலிகளில் வாங்கலாம், விற்கலாம், வெளியே எடுக்க முடியாது. பெரிய தொகை போடுவதற்கு முன் சின்னத் தொகை வாங்கி வெளியே எடுத்துப் பாருங்கள். விளம்பரத்தில் எந்த நடிகர் வந்தாலும் இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

3. டெலிகிராம் குழுவில் யாரோ அனுப்பும் இணைப்பில் செயலி இறக்காதீர்கள். தினம் 1 சதவீதம் நிச்சயம் என்றால் அது கிரிப்டோ இல்லை, ஈமு கோழி. அதையும் பார்த்த ஊர்தானே நம் ஊர்? முதலில் 500 ரூபாய் லாபத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கே அனுப்பி நம்ப வைப்பார்கள். மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். நேரம் போகப் போக பணம் கை மாறிக்கொண்டே இருக்கும்.

4. கொஞ்சம் விலை குறைகிறதே என்று முன்பின் தெரியாதவரிடம் நேரடியாக விற்பதும் வாங்குவதும் வேண்டாம். அவர் உங்களுக்கு அனுப்பும் ரூபாய் யாரிடமோ ஏமாற்றிய பணமாக இருந்தால், சைபர் புகாரில் முடங்குவது உங்கள் வங்கிக் கணக்கு. சம்பளம் வரும் கணக்கு அது என்றால் அந்த மாதம் மளிகைக்கு என்ன செய்வீர்கள்?

5. வரி. கிரிப்டோ சட்டவிரோதமா என்று சிலர் கேட்கிறார்கள். வங்கிகள் இதற்குச் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018-ல் போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. வாங்கலாம், விற்கலாம், வரி கட்ட வேண்டும். லாபத்தில் 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீதம் செஸ். இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று. ஒரு நாணயத்தில் 1 லட்சம் லாபம், இன்னொன்றில் 1 லட்சம் நஷ்டம். கையில் மிச்சம் பூஜ்யம். ஆனால் நஷ்டத்தை லாபத்தில் கழிக்க விடமாட்டார்கள். வரி 31,200 ரூபாய். பத்து நாணயத்தில் பிரித்துப் போட்டால் பாதுகாப்பு என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அடுத்தது வைக்கும் இடம்.

ஹார்டுவேர் வாலட்டைத் தயாரித்த நிறுவனத்திடமோ அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பழையது வேண்டவே வேண்டாம். பெட்டிக்குள்ளேயே சொற்கள் எழுதிய அட்டை வந்தால் அது மோசடி. சொற்களைக் கருவிதான் உங்கள் முன்னால் புதிதாகக் காட்ட வேண்டும்.

12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் வரும். அவைதான் சாவி. கருவி உடைந்தாலும் தொலைந்தாலும் இந்தச் சொற்களை வைத்து வேறு கருவியில் மீட்கலாம். இவை 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருகின்றன. கணக்கு வாத்தியார் என்பதால் ஒரு பயிற்சி: 12 இடங்களிலும் 2048 என்று எழுதிப் பெருக்குங்கள். 40 இலக்கத்தில் ஒரு எண் வரும். யாரும் குத்துமதிப்பாக ஊகிக்க முடியாது. அதனால்தான் திருடர்கள் ஊகிப்பதில்லை, உங்களிடமே கேட்டு வாங்குகிறார்கள். 2020-ல் லெட்ஜர் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சுமார் 2,70,000 பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் வெளியே கசிந்தன. அதன் பிறகு சிலருக்குத் தபாலில் போலிக் கருவியே வந்தது, "உங்கள் சொற்களை இதில் போடுங்கள்" என்று. எந்த நிறுவனமும், எந்த அதிகாரியும், ஏன் நானே கேட்டாலும், அந்தச் சொற்களைச் சொல்லாதீர்கள்.

அந்தச் சொற்களைப் போட்டோ எடுக்காதீர்கள். போன் அதைத் தானாகவே இணையத்தில் ஏற்றிவிடும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளவும் வேண்டாம். தாளில் பேனாவால் வரிசை எண் போட்டு எழுதுங்கள். ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். அம்மாவுக்குப் புரியட்டும் என்று தமிழில் ஒலியை எழுதி வைத்தால், பிறகு எந்த ஆங்கிலச் சொல் என்று குழப்பம் வரும். அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. ஆகவே முதல் நான்கு எழுத்து தெளிவாக இருந்தாலே போதும். கோழிக் கிறுக்கல் ஆசாமிகளே, உங்களைத்தான் சொல்கிறேன்.

இரண்டு பிரதி எடுத்து, ஒட்டிய உறையில், இரண்டு வெவ்வேறு இடத்தில் வையுங்கள். ஒன்று வங்கி லாக்கர் என்றால் நல்லது. உயிலில் அந்தச் சொற்களை எழுதாதீர்கள், உயில் பல கைக்குப் போகும். இப்படி ஒரு சொத்து இருக்கிறது, விவரம் இன்ன உறையில் என்று மட்டும் எழுதுங்கள்.

கடைசியாக, மாதிரித் தேர்வு. பொதுத்தேர்வுக்கு முன் மாதிரித் தேர்வு வைக்காமல் உங்களை நான் அனுப்பியதில்லை. புதிய கருவியில் 1,000 ரூபாய் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். பிறகு வேண்டுமென்றே கருவியை அழித்துவிட்டு, தாளை வாழ்க்கைத் துணையிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருங்கள். அவர் தாளைப் பார்த்து அந்த 1,000 ரூபாயை மீட்டெடுத்துவிட்டால் தேர்ச்சி. மிச்சத் தொகையை ஏற்றலாம். மீட்க முடியவில்லை என்றால் தவறு அவருடையது இல்லை, நீங்கள் எழுதி வைத்த முறையில் இருக்கிறது. திருத்தி மீண்டும் வையுங்கள்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு முழுத்தாளில் நான்கு வரி: என்ன இருக்கிறது, எந்த எக்ஸ்சேஞ்ச் அல்லது எந்தக் கருவி, உறை எங்கே, சந்தேகம் வந்தால் நம்பிக் கேட்க வேண்டியவர் யார். எழுதி, எல்ஐசி பாண்டு இருக்கும் அதே பைலில் வைத்துவிட்டு, வீட்டில் சொல்லுங்கள். செய்து முடித்தவர்கள் கீழே "முடித்தேன் சார்" என்று ஒரு வரி போடுங்கள். யார் யார் போடவில்லை என்று நான் வருகைப்பதிவு எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்